கொழுப்பு 22 சதவீதம் ஆகிவிட்டது, பீரியட்ஸ் ஏன் இன்னும் வரவில்லை?

12 ஜனவரி 2024, மாலை 6.15 (கேள்வி)

அக்கா, எனக்கு மூணு வருஷம் அனோரெக்ஸியா (எடை கூடிடுமோன்னு பயந்து பட்டினி கிடக்கிற நோய்) இருந்தது. இப்போ ஒரு வருஷமா ஒழுங்கா சாப்பிடறேன். ஒழுங்குன்னா என்னோட ஒழுங்கு. பீரியட்ஸ் நின்னு 26 மாசம் ஆச்சு. உடம்புல கொழுப்பு 22 சதவீதம் வந்துட்டா அது தானா வந்துடும்னு படிச்சேன். என் எடை மெஷின் நாலு மாசமா 22, 22.3, 21.9னுதான் காட்டுது. இன்னும் வரலை. அப்போ கொழுப்பு போதும், வேற ஏதோ ஹார்மோன்லதான் கோளாறு, அப்படித்தானே? என்ன டெஸ்ட் எடுக்கணும்?

12 ஜனவரி, இரவு 10.50

இல்லை, அப்படி இல்லை.

"21.9" என்று புள்ளி வைத்து எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. புள்ளிக்குப் பின்னால் வரும் அந்த ஒற்றை இலக்கத்துக்காக நானும் பல வருஷம் விடிவதற்கு முன் எழுந்து குளியலறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தியிருக்கிறேன்.

முதலில் அந்த 22-இன் கதை. 1974-இல் ரோஸ் ஃப்ரிஷ், ஜேனட் மெக்ஆர்தர் என்ற இருவர் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு பெண் வயதுக்கு வர எடையில் சுமார் 17 சதவீதம் கொழுப்பு வேண்டும், வந்த பிறகு சுழற்சி தடையில்லாமல் ஓட சுமார் 22 சதவீதம் வேண்டும் என்பது அவர்கள் வாதம். கொழுப்புக்கும் கருமுட்டைக்கும் பேச்சுவார்த்தை உண்டு என்ற அடிப்படை சரிதான். ஆனால் அந்தப் பெண்களின் கொழுப்பை அவர்கள் அளக்கவே இல்லை. உயரத்தையும் எடையையும் ஒரு சமன்பாட்டில் போட்டு, உடலில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று ஊகித்து, அதிலிருந்து கொழுப்பைக் கணக்கிட்டார்கள். உயரம்–எடை அட்டவணைக்கே வேறு சட்டை மாட்டிவிட்ட மாதிரி. அந்த எண் அரை நூற்றாண்டாகக் கைமாறிக் கைமாறி உங்கள் குளியலறை வரை வந்து சேர்ந்திருக்கிறது.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன். தூக்கம் எனக்கு இப்போது மருந்து மாதிரி.

13 ஜனவரி, காலை 7.05

மெஷின் பற்றி ஒரு சின்ன விஷயம். அது உங்கள் கொழுப்பைப் பார்ப்பதில்லை. ஒரு பாதம் வழியாக லேசான மின்சாரத்தை ஏற்றி, மறு பாதம் வழியாக வாங்கி, நடுவில் எவ்வளவு தடை இருந்தது என்று பார்க்கிறது. தண்ணீரில் மின்சாரம் சுலபமாகப் போகும், கொழுப்பில் போகாது. மீதியெல்லாம் உள்ளே இருக்கும் சூத்திரம் போடும் கணக்கு. நான் ஒருநாள் வெறுப்பில் சோதித்தேன். எழுந்தவுடன் ஒரு எண். காலை நனைத்துக்கொண்டு ஏறினால் இன்னொன்று. ஒரு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு மூன்றாவது. பத்து நிமிஷத்துக்குள் என் உடம்பில் மூன்று வெவ்வேறு பெண்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு இது இன்னும் மோசம். பட்டினியிலிருந்து மீளும் உடம்பு தண்ணீரைத் தாறுமாறாகப் பிடித்து வைக்கும். கணுக்கால் வீங்கும், முகம் உப்பும். அந்தச் சமயத்தில் இந்த மெஷின் சொல்வதை நம்பவே வேண்டாம்.

13 ஜனவரி, இரவு 9.30

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எந்த ஹார்மோனில் கோளாறு?

எதிலும் கோளாறு இல்லை. எல்லாமே சொன்ன வேலையைச் செய்கின்றன. சொல்வது யார் என்பதுதான் விஷயம்.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ். அது ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை ஜிஎன்ஆர்ஹெச் என்ற ஹார்மோனைத் துடிப்பாக வெளிவிடும். அதைக் கேட்டு, அதற்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, சினைப்பையைத் தூண்டும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற இரண்டு ஹார்மோன்களையும் அனுப்பும். அதைக் கேட்டு சினைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். இதில் துடிப்புதான் முக்கியம். எர்ன்ஸ்ட் நோபில் என்ற ஆய்வாளர் குரங்குகளில் காட்டியது எனக்கு மிகவும் பிடித்த சோதனை: ஜிஎன்ஆர்ஹெச்சை மணிக்கு ஒரு தடவை கொடுத்தால் பிட்யூட்டரி வேலை செய்தது. அதையே விடாமல் ஊற்றியபோது வாயை மூடிக்கொண்டது. அளவு இருந்தும் தாளம் போனால் போச்சு.

உணவு போதவில்லை என்று தெரிந்தால் ஹைப்போதலாமஸ் அந்தத் தாளத்தை மெதுவாக்கும். இன்னும் போதாவிட்டால் சிறு பெண்ணின் வயதுக்கே திரும்பிப் போகும்: ராத்திரி மட்டும் கொஞ்சம் துடிப்பு, அல்லது அதுவும் இல்லை. கர்ப்பப்பையில் ஒன்றுமே கெட்டிருக்காது. மேலிருந்து உத்தரவு வரவில்லை, அவ்வளவுதான்.

போதவில்லை என்று அதற்கு எப்படித் தெரிகிறது? அங்கேதான் கொழுப்பு வருகிறது. கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டினை ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் ஆய்வகம் 1994-இல் கண்டுபிடித்தது. கொழுப்பு அதிகம் இருந்தால் லெப்டின் அதிகம், குறைந்தால் குறைவு. இதை மட்டும் படித்தால் உங்கள் 22 சரி என்றே தோன்றும். ஆனால் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே லெப்டின் சடாரென்று விழுந்துவிடும். அதற்குள் கொழுப்பு எவ்வளவு கரைந்திருக்கும்? பெயருக்குத்தான். கிணற்றில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று மூளை பார்ப்பதில்லை, ஊற்று சுரக்கிறதா என்று பார்க்கிறது.

2003-இல் ஆன் லவுக்ஸ் என்ற ஆய்வாளர் இதை நேரடியாகவே சோதித்தார். மாதவிடாய் ஒழுங்காக வரும் ஆரோக்கியமான பெண்கள். ஐந்தே நாள், உடற்பயிற்சிக்குப் போனது போக மிஞ்சும் உணவைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தார். ஒரு அளவுக்குக் கீழே போனதும் எல்ஹெச் துடிப்பு தடுமாறத் தொடங்கியது. ஐந்து நாளில் யாருடைய கொழுப்புச் சதவீதமும் பெரிதாக மாறியிருக்காது. அந்த அளவு எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன். குறைந்தபட்சம் என்று ஒரு எண்ணைச் சொன்னால் சரியாக அதன் மேலேயே ஒற்றைக் காலில் நிற்கும் ஆட்கள் நாம்.

அதனால் நான் கேட்க விரும்பும் டெஸ்ட் வேறு. "என்னோட ஒழுங்கு" என்று எழுதினீர்களே, அது என்ன ஒழுங்கு?

14 ஜனவரி, மதியம் 1.10

கிணற்று உவமைக்கு ஒருவர் தனிச்செய்தியில் குட்டு வைத்தார், நியாயமான குட்டு. தண்ணீரின் ஆழமும் கணக்கில் உண்டு. கிணறு வறண்டு கிடந்தால் இன்றைக்கு ஊற்று சுரந்தாலும் மூளை உடனே நம்பாது. அனோரெக்ஸியாவில் எடை திரும்பிய பெண்களுக்குத்தான் பெரும்பாலும் பீரியட்ஸ் திரும்புகிறது, எடை திரும்பாமல் சாப்பாட்டு நேரத்தை மட்டும் மாற்றியவர்களுக்கு அல்ல. ஆக இரண்டும் வேண்டும். கூடவே பயம், பரீட்சை, துக்கம் என்று அழுத்தம் ஏறினால் கார்ட்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன் ஏறும், அதுவும் தாளத்தை அமுக்கும்.

நேற்று எழுதியதை அழிக்கவில்லை. தவறும் அங்கேயே கிடக்கட்டும்.

14 ஜனவரி, இரவு 11.00

லெப்டின் குறைவு என்றால் லெப்டின் ஊசி போட்டால் என்ன என்று கேட்டிருக்கிறார் இன்னொருவர். போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இப்படி மூளை உத்தரவு நின்று மாதவிடாய் வராத 8 பெண்களுக்கு லெப்டின் கொடுத்த ஆய்வு 2004-இல் வந்தது. 3 பேருக்குக் கருமுட்டை வெளியானது. கொழுப்பிலிருந்து மூளைக்குப் போகும் செய்தி இதுதான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. சிக்கல் என்னவென்றால் லெப்டின் பசியையும் குறைக்கும், எடையையும் இறக்கும். நம் கூட்டத்துக்கு அந்த ஊசியா? பூனையைப் பாலுக்குக் காவல் வைப்பது மாதிரி.

17 ஜனவரி, காலை 6.40

ஒரு திருத்தம். இங்கே இல்லை, போன மாதம் வேறொரு இழையில் நான் எழுதியதற்கு. "கொழுப்புதான் ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கிறது, அதனால்தான் மெலிந்தால் நிற்கிறது" என்று அடித்துச் சொல்லியிருந்தேன். பாதி உண்மை. கொழுப்பில் அரோமட்டேஸ் என்ற நொதி இருக்கிறது, அது ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். மாதவிடாய் நின்ற வயதுக்குப் பிறகு பெண்ணுடம்பில் ஈஸ்ட்ரோஜனுக்கு அதுதான் பெரிய வழி. இளம் வயதில் முக்கிய ஊற்று சினைப்பைதான். நம் ஈஸ்ட்ரோஜன் விழுவதற்குக் காரணம் கொழுப்புத் தொழிற்சாலையை மூடியது அல்ல, மேலிருந்து வந்த உத்தரவு நின்றது. அங்கே என்னை நம்பிப் போனவர்கள் மன்னிக்கவும்.

17 ஜனவரி, காலை 6.52

ஹைப்போதலாமஸில் ஜிஎன்ஆர்ஹெச் செல்களுக்கு லெப்டினை நேராகக் கேட்கும் காது இல்லை. நடுவில் சில தூதர்கள் உண்டு. அதில் முக்கியமான ஒன்றின் பெயர் கிஸ்பெப்டின். காதல் விஷயம் ஒன்றுமில்லை. அந்த மரபணுவை 1996-இல் அமெரிக்காவின் ஹெர்ஷி என்ற ஊரில் கண்டுபிடித்தார்கள். அந்த ஊர் எதற்குப் பெயர் போனதோ அந்த 'கிஸ்ஸஸ்' சாக்லேட்டின் நினைவாக வைத்துவிட்டார்கள். சாக்லேட் உறையைப் பார்த்தாலே வியர்த்துப் போன எனக்கு, பீரியட்ஸ் வரவழைக்கும் தூதனுக்கே சாக்லேட் பெயர் என்று தெரிந்தபோது ரொம்ப நேரம் சிரிப்பு அடங்கவில்லை.

22 ஜனவரி, இரவு 10.15

கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார். காலையில் ஒரு மணி நேரம் ஓட்டம், மாலையில் "சும்மா" நடை, சாப்பாடு மூன்று வேளை "அளவாக". மாத்திரை ஒன்று போட்டுப் பார்க்கலாமா என்றும் கேட்கிறார்.

மாத்திரைக் கதையை முதலில் சொல்கிறேன், என் சொந்தக் கதை. எனக்கு 19 வயதில் நின்றது. 21 வயதில் ஒரு மருத்துவரிடம் போனேன். ஸ்கேன் எடுத்தார். சினைப்பையில் நிறையக் குட்டிக் குட்டி நுண்பைகள். "பிசிஓஎஸ், சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு. எடையைக் கொஞ்சம் குறையுங்கள்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கன்னத்தில் பூனைமுடி மாதிரி வளர்ந்திருந்த ரோமத்தைப் பார்த்திருப்பார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அதே ரோமம், வெயிலில் நின்றால் பொன்னிறமாக மின்னும். உடம்பு தன் சூட்டைக் காப்பாற்ற முளைப்பிக்கும் ரோமம் அது. நான் என்ன செய்தேன்? நன்றி சொல்லிவிட்டு வந்தேன். எடையைக் குறைக்கச் சொல்லி மருத்துவரே சீட்டு எழுதிக் கொடுத்தால் அந்த நோய்க்கு அதைவிட என்ன வேண்டும்.

பசியால் உறங்கும் சினைப்பையும் ஸ்கேனில் பல நுண்பைகளோடு தெரியலாம். அதை வைத்து மட்டும் பிசிஓஎஸ் என்று முடிவுகட்டக் கூடாது. ரத்தத்தில் பார்த்தால் வித்தியாசம் பெரும்பாலும் தெரியும்: நம் வகையில் எல்ஹெச் தாழ்ந்து கிடக்கும், ஈஸ்ட்ரோஜனும் தாழ்ந்து கிடக்கும். பிசிஓஎஸ்ஸில் எல்ஹெச் ஏறியிருப்பது வழக்கம், ஆண்ட்ரோஜனும் ஏறியிருக்கும். இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு, அது தனிக் குழப்பம்.

மாத்திரையும் கொடுத்தார். கருத்தடை மாத்திரைதான். அட்டை முடிந்ததும் தேதி தவறாமல் ரத்தம் வந்தது. அம்மா அழுதே விட்டாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று வீடே மூச்சு விட்டது. நானும் இன்னும் இரண்டு வருஷம் நிம்மதியாகப் பட்டினி கிடந்தேன். அந்த ரத்தம் மாத்திரையை நிறுத்தியதால் வரும் கசிவு. கருமுட்டை வரவில்லை, ஹைப்போதலாமஸ் கண்ணே திறக்கவில்லை. எண்டோகிரைன் சொசைட்டி என்ற ஹார்மோன் மருத்துவர்கள் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: மாதவிடாயைத் திரும்பக் கொண்டுவரவோ எலும்பைக் காப்பாற்றவோ மட்டும் கருத்தடை மாத்திரை கொடுக்காதீர்கள், உண்மையில் திரும்பியதா இல்லையா என்று தெரியாமல் மறைத்துவிடும்.

அந்த மருத்துவர் மேல் வருஷக்கணக்காகக் கோபம் இருந்தது. இப்போது யோசித்தால், அவர் கேட்டிருந்தாலும் நான் பொய்தான் சொல்லியிருப்பேன். கோபம் இருக்கிறது, முன்பு மாதிரி முழுசாக இல்லை.

23 ஜனவரி, காலை 7.20

எலும்பு. இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், எழுதப் பிடிக்கவில்லை.

24 வயது. படிக்கட்டில் கடைசிப் படியிலிருந்து இறங்கினேன், அவ்வளவுதான். விழவில்லை, வழுக்கவில்லை. பாதத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம், நகம் வெட்டுகிற மாதிரி. விரலுக்குப் பின்னால் இருக்கும் நீள எலும்பு ஒன்றில் விரிசல். எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் அறிக்கையைப் பார்த்து அந்தப் பெண் டெக்னீஷியன் என் பிறந்த வருஷத்தை இரண்டாவது முறை கேட்டார்.

ஈஸ்ட்ரோஜன் இல்லாவிட்டால் எலும்பு அரிக்கும், அது எல்லோருக்கும் தெரிந்தது. நம் விஷயத்தில் அதோடு நிற்பதில்லை. வளர்ச்சி ஹார்மோன் ஏறிக் கிடந்தாலும் கல்லீரல் அதைக் கேட்காது, அதனால் எலும்பைக் கட்டும் ஐஜிஎஃப்-1 இறங்கிவிடும். கார்ட்டிசோல் ஏறி இருப்பதைக் கரைக்கும். ஒரு பக்கம் கட்டுவது நின்றுவிட்டது, மறு பக்கம் இடிப்பது நடக்கிறது. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஏன் எலும்பைக் காப்பாற்றவில்லை என்பதற்கும் இதில்தான் விடை: அது கல்லீரல் வழியாகப் போகும்போது ஐஜிஎஃப்-1ஐ இன்னும் அமுக்கும். தோலில் ஒட்டும் பேட்ச் வழியாக, உடம்பில் இயல்பாக இருக்கும் அளவில் ஈஸ்ட்ரோஜன் கொடுத்தபோது அனோரெக்ஸியா உள்ள வளரிளம் பெண்களுக்கு எலும்பு அடர்த்தி கூடியதாக 2011-இல் ஆய்வு வந்தது. முழுசாக ஈடுகட்டவில்லை, ஆனால் கூடியது. பீரியட்ஸ் வர நாளாகும் என்றால் மருத்துவரிடம் பேட்ச் பற்றிக் கேட்கலாம். தானாக வாங்கி ஒட்ட வேண்டாம்.

இன்னொன்று, எனக்கு இன்றுவரை நம்ப முடியாதது. உடம்பெல்லாம் கொழுப்பு வற்றிக் கிடக்கும்போது எலும்பு மஜ்ஜைக்குள் மட்டும் கொழுப்பு கூடுகிறது. தொடையில் இல்லை, வயிற்றில் இல்லை, முதுகெலும்புக்குள் இருக்கிறது. மஜ்ஜையில் எலும்புச் செல்லும் கொழுப்புச் செல்லும் ஒரே தாய்ச்செல்லிலிருந்து வருபவை. பட்டினியில் அது கொழுப்புப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அத்தனை வருஷம் நான் விரட்டி விரட்டி ஓடிய கொழுப்பு, கடைசியில் என் எலும்புக்குள் போய் ஒளிந்திருந்தது.

23 ஜனவரி, இரவு 8.00

ஓட்டம்.

கேட்டவருக்கு: "ஓடினால்தான் நிம்மதி" என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். எலிகளுக்கும் அப்படித்தான். 1960-களிலிருந்தே செய்துவரும் சோதனை: கூண்டில் ஓட்டச் சக்கரம் வைத்து, நாளைக்குச் சிறிது நேரம் மட்டும் சாப்பாடு கொடுத்தால் எலி படுத்து ஓய்வெடுக்காது. மேலும் மேலும் ஓடும், சாப்பாடு இருக்கும் நேரத்தில்கூடச் சரியாகச் சாப்பிடாது, விட்டால் செத்தே போகும். அப்படி ஓடும் எலிக்கு லெப்டின் கொடுத்தால் ஓட்டம் அடங்கும். எலிக்கு என்ன அழகுப் போட்டியா, கண்ணாடியா? பசித்த உடம்பில் கால் தானாக ஓடுகிறது. இரை தேடிப் போகச் சொல்லும் பழைய உந்துதல் என்று விளக்குகிறார்கள்.

இதைப் படித்த அன்று எனக்குப் பெரிய அவமானம் ஒன்று இறங்கியது, சின்ன அவமானம் ஒன்று ஏறியது. என் மன உறுதி என்று நான் பெருமைப்பட்டது எலிக்கும் இருக்கிறது.

2 பிப்ரவரி, இரவு 9.45

வயிறு பற்றிக் கேட்ட மூன்று பேருக்கும் சேர்த்து.

ஆமாம், மீளும்போது கொழுப்பு முதலில் நடுவுடம்பில்தான் ஏறும். கை கால் குச்சியாகவே இருக்க, வயிறு மட்டும் முன்னால் போகும். லிஃப்டில் ஒரு அம்மா "எத்தனை மாசம்?" என்று என்னிடம் கேட்டார். பீரியட்ஸே வராத எனக்கு! அன்று வீட்டுக்கு வந்து பேன்ட் பட்டன் பதிந்த வட்டத் தழும்பைக் கண்ணாடியில் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன், சாப்பாட்டை மறுபடி விட்டுவிடலாமா என்று.

விடவில்லை. எடை இறங்காமல் நிலைத்திருந்தால் ஒரு வருஷ வாக்கில் அந்தக் கொழுப்பு இடம் மாறிச் சீராகிறது என்று அளந்து பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆனது. இடையில் பயந்து குறைத்தால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும், அதுவும் எனக்கு ஆனது.

மின்னசோட்டா பட்டினிச் சோதனையிலும் இதே. 1944–45-இல் ஆன்செல் கீஸ் 36 ஆரோக்கியமான ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். எடையில் ஏறக்குறைய கால்வாசி போனது. மறுபடி சாப்பாடு கிடைத்ததும் முதலில் கொழுப்பு திரும்பியது, பழைய அளவைத் தாண்டியும் போனது. தசை பின்னால் மெதுவாக வந்தது. ஆண்கள், அழகு பற்றிய கவலையே இல்லாமல் சேர்ந்தவர்கள், அவர்களுக்கே அப்படி. அவர்களும் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்தார்கள், சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், தட்டை நக்கினார்கள். பட்டினி யாரைப் பிடித்தாலும் நம்மை மாதிரித்தான் ஆக்கிவிடுகிறது.

2 பிப்ரவரி, இரவு 10.05

மேலே எழுதியதைப் படித்துவிட்டு யாரும் நாளைக் காலையிலிருந்து தட்டை நிரப்பிவிட வேண்டாம். ரொம்ப மெலிந்து, பல நாள் எதுவும் உள்ளே போகாமல் இருப்பவர்கள் திடீரென்று நிறையச் சாப்பிட்டால் இன்சுலின் ஏறி, ரத்தத்தில் பாஸ்பேட் விழுந்து, இதயம் வரை போய்விடும். ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்பார்கள். அவர்கள் மருத்துவமனை மேற்பார்வையில்தான் தொடங்க வேண்டும்.

9 பிப்ரவரி, மதியம் 12.30

"நான் மெலிசே இல்லை, ஆனாலும் நின்றுவிட்டது, யாரும் நம்பவில்லை" என்று எழுதியவருக்கு: நான் நம்புகிறேன். பெரிய உடம்பிலிருந்து வேகமாக இறங்கினாலும் மூளைக்குத் தெரிவது பஞ்சம்தான், தொடங்கிய இடம் எது என்று அது கேட்காது. புலிமியாவில் (அளவில்லாமல் தின்றுவிட்டு, வாந்தி எடுத்தோ வேறு வழியிலோ அதை ஈடுகட்டப் பார்க்கும் நோய்) எடை சராசரியாகவே இருந்தும் சுழற்சி தப்பும். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 (மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடு), அனோரெக்ஸியாவுக்கு மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையையே எடுத்துவிட்டது. முன்பு தொடர்ந்து மூன்று மாதம் வராமல் இருந்தால்தான் கணக்கு. பீரியட்ஸ் வந்துகொண்டே செத்துக்கொண்டிருந்த பெண்கள் அந்தக் கணக்கில் விழவில்லை.

25 பிப்ரவரி, இரவு 11.30

தூக்கம் வரவில்லை, பழைய வரலாறு ஒன்று.

1689-இல் ரிச்சர்ட் மார்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் லத்தீனில் எழுதிய புத்தகத்தில் 18 வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள். முதலில் மாதவிடாய் நின்றது. பிறகு பசி போனது. ராப்பகலாகப் புத்தகமும் கையுமாக இருந்தாள். தோல் போர்த்திய எலும்புக்கூடு என்று எழுதுகிறார். காரணம் மனக்கவலை என்கிறார். மருந்து வேண்டாம் என்று விட்டுவிட்டாள், சில மாதத்தில் இறந்துபோனாள்.

இதைவிட எனக்கு எரிச்சல் தருவது பின்னால் நடந்தது. 1914-இல் மோரிஸ் சிம்மண்ட்ஸ் என்பவர் பிட்யூட்டரி அழிந்துபோன ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அவ்வளவுதான், அடுத்த இருபது முப்பது வருஷம் மெலிந்த பெண்ணைக் கண்டாலே பிட்யூட்டரி நோய் என்று சுரப்பிச் சாறு கொடுத்தார்கள். ஹார்மோன் தாழ்ந்திருக்கிறது, ஆகவே ஹார்மோன்தான் காரணம். கேட்டவரின் முதல் கேள்வியும் அதே தடத்தில்தான் வந்தது, அவர் மேல் தப்பில்லை.

ஆனால் "எல்லாம் மனசு, ஹார்மோன் வெறும் விளைவு" என்று நான் பத்து வருஷம் சொல்லி வந்ததையும் இப்போது அப்படியே சொல்ல மாட்டேன். 2019-இல் ஏறத்தாழ 17,000 அனோரெக்ஸியா நோயாளிகளின் மரபணுவைப் பார்த்த ஆய்வு, மனநோய்களோடு மட்டுமல்ல, கொழுப்பு, இன்சுலின் போன்ற வளர்சிதை மாற்றக் குணங்களோடும் தொடர்பைக் காட்டியது. அதோடு, புலிமியாவிலும் அடக்க முடியாமல் தின்னும் கோளாறிலும் மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் அந்த வேகம் கூடுகிறது என்பதும் தெரிந்ததுதான். ஹார்மோனும் மனசும் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டே போகின்றன. யார் முதலில் இழுத்தது என்று என் விஷயத்தில்கூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

18 மார்ச், காலை 8.10

கேட்டவர் ரத்த அறிக்கையைப் படித்துச் சொல்லச் சொல்கிறார். நான் மருத்துவர் இல்லை. பார்த்தவரை: எல்ஹெச் தாழ்வு, ஈஸ்ட்ரோஜன் தாழ்வு, தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் சரி, தைராய்டு ஹார்மோனான டி3 மட்டும் தாழ்வு. எப்போதும் குளிர்கிறது என்றீர்களே, அந்த டி3-தான். தைராய்டு கெட்டுப்போய் அல்ல, உடம்பு அடுப்பைத் தணித்து வைத்திருக்கிறது. அதற்குத் தைராய்டு மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். புரோலாக்டினும் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) கர்ப்பப் பரிசோதனையும் விட்டுப் போயிருக்கின்றன, உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

எனக்கு எப்போது திரும்பியது என்று கேட்டீர்கள். 26 வயதில், ஓட்டத்தை நிறுத்தி ஏழாவது மாதம். ஆபீஸ் கழிப்பறையில் துருக்கறை மாதிரி ஒரு பொட்டு. பேட் கிடையாது, டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு போய் மீட்டிங்கில் உட்கார்ந்தேன், யார் என்ன பேசினார்கள் என்று தெரியாது. அடுத்தது வர இரண்டு மாதம் ஆனது. அன்று என் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று எனக்குத் தெரியாது, அதற்குள் மெஷினில் ஏறுவதை விட்டிருந்தேன். அந்த மெஷின் இன்னும் இருக்கிறது, பயணம் போகும்போது பெட்டி எடை பார்க்க. எடையைக் காட்டிவிட்டு, கொழுப்புக்குப் பாதத்தைத் தேடி 'பிழை' என்று மின்னும்.

18 மார்ச், காலை 8.25

ஒன்று விட்டுப் போச்சு. கருமுட்டை முதலில் வரும், ரத்தம் அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான். அதனால் இத்தனை மாதமாக வரவில்லை, ஆகவே கர்ப்பம் ஆகாது என்று இருந்துவிடாதீர்கள். நீங்கள் கேட்கவில்லைதான், ஆனால் கூட இருப்பவரைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள்.

6 ஏப்ரல், இரவு 9.00

ஓட்டம் வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார். சரி. அந்த இரண்டு நாள் எந்த நாள் என்று கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை.